எலக்ட்ரானிக் டிரம்ஸ் வீட்டுக்குள் வந்த வரலாறு

எலக்ட்ரானிக் டிரம்ஸ் மூன்று உறுப்புகள் சேர்ந்த கருவி. குச்சியின் அடியை வாங்குவது பேட். அடியின் பலத்தை மின்துடிப்பாக மாற்றுவது பேடுக்குள் இருக்கும் உணரி. அந்தத் துடிப்புக்குரிய ஒலியைத் தருவது மாட்யூல். வாசிப்பவர்கள் அதை 'பிரெய்ன்' என்றும் சொல்வார்கள். இந்த மூன்றும் ஒரே காலத்தில் பிறந்தவை அல்ல. ஒலி முதலில் வந்தது. அதைக் கையால் அடித்து எழுப்பும் வழி பல ஆண்டுகள் கழித்து வந்தது. அடிக்கிற மணிக்கட்டு நோகாத பரப்பு அதற்கும் பின்னால்தான் வந்தது. வீட்டில் பயிற்சி செய்யவும் ஒலிப்பதிவு செய்யவும் ஒரு செட் வாங்கப் போகிறவர் கடையில் பார்க்கும் வேறுபாடுகள், ரப்பரா மெஷ்ஷா, ஹை-ஹாட்டுக்குத் தனி ஸ்டாண்டு உண்டா இல்லையா என்பவை உட்பட, பெரும்பாலும் இந்த வரிசையில் விளைந்தவையே.

சாதாரண டிரம் செட்டுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் சற்று மேலான வயது. அமெரிக்காவில் வில்லியம் லுட்விக் 1909இல் காப்புரிமை பெற்ற பேஸ் டிரம் பெடல் அதன் வளர்ச்சியில் ஒரு திருப்பம். பேஸ் டிரம்முக்கு ஒருவர், ஸ்நேருக்கு ஒருவர், சிம்பலுக்கு ஒருவர் என்று பிரிந்திருந்த வேலையை ஒரே ஆள் உட்கார்ந்தபடி செய்ய அந்தப் பெடல் வழி செய்தது. நடன அரங்குகளுக்கும் மேடைகளுக்கும் என்று உருவான கருவி ஆதலால் அதன் சத்தமும் அந்த அளவில்தான் இருக்கும். மூடிய அறையில் ஒருவர் முழுப் பலத்தோடு வாசித்தால் 100 டெசிபலைத் தாண்டிவிடும். மெல்ல வாசித்துச் சமாளிக்கவும் முடியாது. குச்சி எழும்பித் திரும்பும் வேகமும் தசையின் பழக்கமும் அடியின் பலத்தோடு சேர்ந்தவை. பலத்தைக் குறைத்தால் பழகுவது வேறொன்றாகிவிடும். அதனால் டிரம்மர்கள் வீட்டில் ரப்பர் ஒட்டிய பயிற்சிப் பலகையில் அடித்துப் பழகினார்கள். அதில் கை பழகும், காது பழகாது.

மின்சாரத்தால் தாளம் எழுப்பும் முயற்சி டிரம்மர்களிடமிருந்து தொடங்கவில்லை. அமெரிக்க இசையமைப்பாளர் ஹென்றி கவல், தான் கற்பனை செய்த சிக்கலான தாள அடுக்குகளை மனிதர் எவரும் துல்லியமாக வாசிக்க முடியாது என்று கண்டு, ரஷ்யரான லியான் தெர்மினிடம் ஓர் இயந்திரம் செய்து தரக் கேட்டார். 1931இல் உருவான அந்த ரிதமிக்கான், துளையிட்ட சுழல் தட்டுகளின் வழியே ஒளியைப் பாய்ச்சி, அதை ஒளிமின்கலத்தில் வாங்கித் தாளம் தந்தது. இசை ஆராய்ச்சிக்கான அந்தக் கருவி பரவலாகவில்லை.

வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் சென்ற முதல் தாளப் பெட்டி என்று 1959இல் வுர்லிட்சர் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த சைட் மேனைச் சொல்லலாம். மரப்பெட்டிக்குள் ஒரு தட்டு சுழலும்; அதில் உள்ள தொடுமுனைகள் வெற்றிடக் குழாய்ச் சுற்றுகளை முறை வைத்துத் தூண்டும். வால்ட்ஸ், டாங்கோ, ரும்பா என ஆயத்தமாக வைத்த தாளங்களில் ஒன்றைத் தேர்ந்து, வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். ஆர்கன் வாசிப்பவருக்குத் துணையாகச் செய்யப்பட்ட பெட்டி அது. அதன் வடிவமைப்பில் டிரம்மருக்கு இடமே இல்லை.

இந்தத் துறையின் போக்கை மாற்றியவர் ஜப்பானைச் சேர்ந்த இகுதாரோ காகெஹாஷி. 1930இல் பிறந்த அவர், போருக்குப் பிந்தைய வறுமையில் பதினாறு வயதில் கியூஷு தீவில் கடிகாரம் பழுதுபார்க்கும் கடை தொடங்கினார். காசநோயோடு சில ஆண்டுகள் மருத்துவமனையில் கிடந்தார். குணமானபின் வானொலிப் பழுதுபார்ப்பு, பிறகு மின்னணு இசைக்கருவிகள் என்று நகர்ந்தார். அவருடைய ஏஸ் நிறுவனம் 1964இல் அமெரிக்க வணிகக் கண்காட்சிக்குக் கொண்டுபோன ஆர்-1 ரிதம் ஏஸ் என்ற பெட்டியில் ஆயத்தத் தாளம் எதுவும் கிடையாது. ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு பொத்தானை விரலால் அழுத்தி வாசிக்க வேண்டும். அதை வாங்க யாரும் முன்வரவில்லை. 1967இல் 16 தாளங்களோடு வந்த எஃப்ஆர்-1 வெற்றி பெற்றது; ஹாமண்ட் நிறுவனம் அதைத் தன் ஆர்கன்களுக்குள்ளேயே பொருத்தியது. சந்தை கேட்டது தானாக ஓடும் தாளத்தைத்தான். கையால் எழுப்பும் மின்னொலி அப்போது யாருக்கும் தேவைப்படவில்லை. காகெஹாஷி 1972இல் ஒசாகாவில் ரோலண்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் சிஆர்-78 பெட்டி 1978இல் வந்தது; நுண்செயலி கொண்ட அந்தப் பெட்டியில் வாசிப்பவர் தன் சொந்தத் தாளத்தையும் பதிந்து வைக்கலாம். பில் காலின்ஸ் தன் வீட்டில் எட்டுத் தட ரெக்கார்டரில் பாட்டுகளுக்கு மாதிரி பதிந்தபோது அவர் பக்கத்தில் இருந்தது இந்தப் பெட்டிதான். 1981இல் வெளியான அவருடைய 'இன் தி ஏர் டுநைட்' பாட்டின் தொடக்கத்தில் கேட்கும் மெல்லிய தாளம் அதனுடையது. உலகின் பெரிய டிரம்மர்களில் ஒருவருக்கே வீட்டில் டிரம்ஸுக்குப் பதில் பெட்டி தேவைப்பட்டது.

குச்சியால் அடித்து மின்னொலி எழுப்பும் முயற்சிகள் 1970களின் தொடக்கத்தில் தனித்தனி இடங்களில் நடந்தன. இங்கிலாந்தில் மூடி புளூஸ் குழுவின் டிரம்மர் கிரேம் எட்ஜ், சசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரையன் குரோவ்ஸின் துணையோடு ஒரு மின்னணு டிரம் தொகுதி செய்வித்து 1971இல் வெளியான இசைத்தட்டில் பயன்படுத்தினார். ஜெர்மனியில் கிராஃப்ட்வெர்க் குழுவினர் உலோகத் தகடுகளை வரிசையாகப் பொருத்தி, மின்கம்பி இணைத்த உலோகக் குச்சியால் தொட்டு ஒலி எழுப்பினார்கள். தகட்டைத் தொட்டால் சுற்று மூடும், ஒலி வரும். மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் அளவு ஒன்றே. அவர்களுடைய இசைக்கு அது பொருந்தியது, மற்ற டிரம்மர்களுக்குப் போதவில்லை. 1976இல் அமெரிக்கரான ஜோ பொலார்டும் மார்க் பார்ட்டனும் செய்த சின்டிரம், 'டுயூ' என்று சரிந்து இறங்கும் ஒலிக்காகப் பேர் பெற்று டிஸ்கோ பாட்டுகளில் நிறைய கேட்டது. வழக்கமான செட்டின் ஓரத்தில் வைக்கும் அலங்காரமாகவே அது இருந்தது.

முழுச் செட்டையும் மின்னணுவாக்கிக் காட்டியவர் இங்கிலாந்தின் டேவ் சிம்மன்ஸ். லேண்ட்ஸ்கேப் குழுவின் டிரம்மர் ரிச்சர்ட் பர்ஜஸோடு சேர்ந்து அவர் உருவாக்கிய எஸ்டிஎஸ்-5, 1981இல் வந்தது. ஆறு பக்கம் கொண்ட அதன் பேடுகளைப் பார்த்தாலே 1980கள் நினைவுக்கு வரும். ஒவ்வொரு பேடுக்கும் மாட்யூலில் ஒரு தனிச் சுற்று. அதில் ஒரு தொனியும் கொஞ்சம் இரைச்சலும் கலந்து, தொனி எவ்வளவு சரிய வேண்டும், எவ்வளவு நேரம் நிலைக்க வேண்டும் என்பதைத் திருகுகளால் அமைத்துக்கொள்ளலாம். அதே ஆண்டில் ஸ்பாண்டா பாலே குழுவின் 'சான்ட் நம்பர் ஒன்' வெற்றிபெற, தொலைக்காட்சியில் தோன்றிய குழுக்கள் பலவற்றின் பின்னால் அந்த அறுகோணங்கள் தெரியத் தொடங்கின.

அந்தப் பேடுகளின் பரப்பு பாலிகார்பனேட்டால் ஆனது. காவல்துறையின் கலவரத் தடுப்புக் கேடயங்களுக்குப் பயன்படும் அதே வகைப் பிளாஸ்டிக். உடையாது என்பது அதன் பெருமை, வளையாது என்பது அதன் குறை. தோல் கட்டிய டிரம்மில் குச்சி விழும்போது பரப்பு சற்று உள்வாங்கி அடியின் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். பாலிகார்பனேட்டில் அந்த அதிர்ச்சி முழுவதும் குச்சி வழியே விரலுக்கும் மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் திரும்பி வந்தது. நாள்தோறும் மணிக்கணக்கில் வாசித்தவர்கள் வலியால் அவதிப்பட்டார்கள். சிம்மன்ஸ் பின்னர் மென்மையான ரப்பர் பரப்புக்கு மாறினாலும் இந்தக் குறை எலக்ட்ரானிக் டிரம்ஸின் பெயரோடு நெடுங்காலம் ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு குறை சிம்பல். எஸ்டிஎஸ்-5இன் டாம் ஒலி புதுமையாக இருந்தது. சிம்பல் ஒலி யாருக்கும் பிடிக்கவில்லை. அறுகோணப் பேடுகளுக்கு மேலே உண்மையான வெண்கலச் சிம்பல்களை மாட்டி வாசிப்பதே அந்தக் காலத்து வழக்கமாயிற்று. மேடைக்கு அது சரி. வீட்டில் சத்தம் குறைய வேண்டும் என்பவருக்கு அதனால் பயன் இல்லை, ஏனென்றால் சிம்பல்தான் சுவரைத் தாண்டிப் போகும்.

சிம்பல் ஏன் இவ்வளவு தொல்லை கொடுத்தது என்பதற்கு அதே காலத்து இன்னொரு கருவி விடை சொல்கிறது. 1980இல் ரோஜர் லின் வெளியிட்ட எல்எம்-1, உண்மையான டிரம்ஸ் ஒலிகளைப் பதிந்து எண்களாக நினைவகச் சில்லில் வைத்திருந்த முதல் தாளப் பெட்டி. விலை 5,000 டாலரை நெருங்கியது. அதில் கிக் எனப்படும் பேஸ் டிரம் உண்டு, ஸ்நேர் உண்டு, டாம் உண்டு, கைதட்டல்கூட உண்டு; கிராஷ் சிம்பலும் ரைடு சிம்பலும் கிடையாது. ஸ்நேர் ஒலி நொடிப்பொழுதில் அடங்கிவிடும். கிராஷ் சிம்பல் பல வினாடிகள் ஒலித்து மெல்ல மெல்லத் தேயும். அத்தனை வினாடிகளைத் தாங்கும் நினைவகத்தின் விலை அன்று கட்டுப்படியாகவில்லை. 1982இல் வந்த லின்டிரம்மில்தான் இரண்டும் இடம்பெற்றன. ரோலண்டின் டிஆர்-808 வேறு வழியில் போனது: பதிவொலி எதுவும் இல்லாமல் எல்லாவற்றையும் மின்சுற்றிலேயே உண்டாக்கியது. 1980 முதல் 1983 வரை சுமார் 12,000 பெட்டிகள் செய்தபின் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். பழைய பொருளாக மலிவாகக் கைமாறிய அந்தப் பெட்டிகளே பிறகு ஹிப்-ஹாப் இசையின் அடித்தளமாக அமைந்தன.

எலக்ட்ரானிக் பேடுகளை வேடிக்கைப் பொருளாக நினைத்தவர்களின் எண்ணத்தை மாற்றிய நிகழ்வு 1984 டிசம்பர் 31 அன்று ஒரு கார் விபத்தில் தொடங்கியது. டெஃப் லெப்பர்ட் குழுவின் டிரம்மர் ரிக் ஆலன் அதில் இடது கையை இழந்தார். அப்போது அவருக்கு 21 வயது. மருத்துவமனைப் படுக்கையிலேயே, இடது கை செய்த வேலையை இடது காலால் செய்ய முடியுமா என்று தட்டிப் பார்க்கத் தொடங்கினார். அவருக்கென்று ஒரு தனிச் செட் அமைந்தது: வலது கைக்குச் சிம்மன்ஸ் பேடுகள், இடது காலடியில் வரிசையாக மின்னணுப் பெடல்கள். ஸ்நேர் ஒலி இனி காலிலிருந்து வரும். உண்மையான டிரம்மில் இது நடக்காது. ஸ்நேர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அடித்தாக வேண்டும். அடி விழும் இடத்தையும் ஒலி பிறக்கும் இடத்தையும் பிரித்ததால் ஒரு மனிதருக்கு அவருடைய தொழில் திரும்பக் கிடைத்தது. 1986 ஆகஸ்டில் இங்கிலாந்தின் டானிங்டன் திறந்தவெளி விழாவில் அவர் பெருங்கூட்டத்தின் முன் வாசித்தார். மறு ஆண்டு வந்த 'ஹிஸ்டீரியா' இசைத்தொகுப்பிலும் அவர்தான் டிரம்மர். இந்தக் கருவியின் வரலாற்றில் இதைவிடப் பெருமையான பக்கம் வேறு இல்லை.

அடியையும் ஒலியையும் பிரித்ததன் முழுப் பயனும் மிடியால் கிடைத்தது. ஒரு நிறுவனத்தின் கருவி இன்னொரு நிறுவனத்தின் கருவியோடு பேசுவதற்கான இந்தப் பொது ஏற்பாட்டை காகெஹாஷியும் அமெரிக்கரான டேவ் ஸ்மித்தும் முன்னின்று உருவாக்கினார்கள். 1983 ஜனவரியில் ஒரு கண்காட்சியில் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸின் கீபோர்டும் ரோலண்டின் கீபோர்டும் ஒரே கம்பியால் இணைந்து வாசித்துக் காட்டப்பட்டன. மிடியில் பயணிப்பது ஒலி அல்ல, செய்தி மட்டுமே: எந்தச் சுரம், எவ்வளவு பலம். பலத்துக்கு 1 முதல் 127 வரை அளவு. 1991இல் வந்த பொது மிடி விதிப்படி பத்தாவது தடம் தாளத்துக்கு உரியது. 36 என்றால் கிக், 38 ஸ்நேர், 42 மூடிய ஹை-ஹாட், 46 திறந்த ஹை-ஹாட். இன்று மிக மலிவான செட்டைக் கணினியில் செருகினாலும் பெரும்பாலும் இந்த எண்களே வந்து விழும்.

ரோலண்ட் 1985இல் வெளியிட்ட ஆக்டோபேட் இந்தச் செய்தி முறையையே அடிப்படையாகக் கொண்டது. எட்டு ரப்பர் சதுரங்கள் கொண்ட முதல் மாதிரியில் சொந்த ஒலி கிடையாது. வேறு கருவிக்கு மிடி அனுப்பும் பலகை மட்டுமே. பின்னர் வந்த எஸ்பிடி வரிசையில் ஒலிகளும் உள்ளேயே சேர்ந்தன. தமிழ்நாட்டுக்கும் எலக்ட்ரானிக் டிரம்ஸுக்கும் உள்ள நெருக்கமான உறவு இந்தப் பலகை வழியாகத்தான். மெல்லிசைக் குழுக்களில் 'பேட்' என்றாலே இதுதான். தபேலா, டோலக், காங்கோ, டிரம்ஸ் எல்லாவற்றையும் ஒரே ஸ்டாண்டில் வைத்து வாசிக்கலாம், வேனில் ஏற்ற இடமும் அதிகம் வேண்டாம். கல்யாண வரவேற்பு மேடையிலும் கோயில் திருவிழாக் கச்சேரியிலும் சர்ச் பாடகர் குழுவிலும் அது நிலைத்துவிட்டது. டிரம்ஸ் சிவமணி போன்ற பெரிய கலைஞர்களும் தோல் கருவிகளுக்கு நடுவே அதை வைத்து வாசிக்கிறார்கள். ஸ்டுடியோப் பக்கம் வேறு விதமாக நடந்தது. ஏ. ஆர். ரஹ்மான் 1989இல் கோடம்பாக்கத்தில் வீட்டை ஒட்டி அமைத்த பஞ்சதன் ஒலிக்கூடத்தில் தாளத்தைச் சீக்குவென்சரிலும் சாம்ப்ளரிலும் அடுக்கடுக்காகக் கட்டினார். 1992இன் 'ரோஜா' அங்கிருந்து வந்தது. வீட்டு ஒலிப்பதிவுக்கு உலகம் முழுவதற்கும் சொல்லத்தக்க உதாரணம் அது.

இதற்கிடையே தொடுகைப் பிரச்சினையை ஸ்வீடனிலிருந்து ஒரு நிறுவனம் அணுகியது. 1983இல் தொடங்கிய கிளேவியா, டிடிரம் என்ற பெயரில் செய்த பேடுகளில் உண்மையான டிரம் தோலையே விறைப்பாகக் கட்டியது. அடிப்பதற்கு நன்றாக இருந்தது, ஆனால் தோல் கட்டியதால் தோலின் சத்தமும் கூடவே வந்தது. அமெரிக்காவில் 1990களில் அலெசிஸின் டி4, டிஎம்5 மாட்யூல்கள் பன்னிரண்டு டிரிகர் இணைப்புகளோடு மலிவாகக் கிடைத்தன. பேடை ஓரிடத்திலும் மாட்யூலை வேறிடத்திலும் வாங்கிச் சேர்ப்பது, பழைய டிரம்முக்குள் தாங்களே பீசோ ஒட்டுவது என்று வீட்டில் செட் கட்டுகிறவர்கள் பெருகினார்கள்.

பீசோ என்பது அளவில் ஒரு நாணயத்தை ஒத்த பித்தளைத் தட்டு. மேலே மெல்லிய பீங்கான் பூச்சு. அழுத்தினால் மின்னழுத்தம் பிறக்கும் சில படிகங்களின் இந்த இயல்பைப் பியேர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக் கியூரியும் 1880இல் கண்டறிந்தார்கள். அடி விழுந்ததும் பீசோவிலிருந்து ஒரு மின்னலை எழுந்து நடுங்கி அடங்கும். முதல் உச்சத்தைப் பார்த்து அடியின் பலத்தைக் கணிக்க வேண்டும். பின்னால் வரும் நடுக்கத்தை இரண்டாவது அடி என்று எண்ணிவிடக் கூடாது. பக்கத்து டாமில் விழுந்த அடி சட்டம் வழியே வந்து இதைத் தூண்டினால் அதையும் ஒதுக்க வேண்டும். மாட்யூலின் திறமை முக்கால்வாசி இந்தக் கணிப்பில்தான் இருக்கிறது. நல்ல மாட்யூலில் விரலால் தடவினாற்போல் விழும் மெல்லடிகளும் கேட்கும். மட்டமானதில் அவை விழுங்கப்படும், இல்லாவிட்டால் ஒன்று இரண்டாகக் கேட்கும்.

1997 இந்த வரலாற்றின் நடுப்புள்ளி. அந்த ஆண்டு ரோலண்ட், டிடி-10 மாட்யூலோடு வி-டிரம்ஸை வெளியிட்டது. அமெரிக்க டிரம் தோல் தயாரிப்பாளரான ரீமோவோடு சேர்ந்து உருவாக்கிய மெஷ் பரப்பு அதில் இருந்தது. வலைபோல் நெய்த துணியை டிரம் தோல்போலவே வளையத்தில் கட்டி, சாவியால் திருகி விறைப்பைக் கூட்டலாம், குறைக்கலாம். காற்று வலைக்கண் வழியே போய்விடுவதால் ஒலி அதிகம் எழுவதில்லை. குச்சி மட்டும் தோலில் எழும்புவதுபோல் எழும்பும். வலைக்கு அடியில், நடுவில் ஒரு நுரைக் கூம்பு. அதன் கீழே பீசோ. பதினாறு ஆண்டுகளுக்கு முன் சிம்மன்ஸ் பேடில் மணிக்கட்டு பட்ட பாட்டுக்கு இதுதான் உண்மையான விடை. கூம்புக்கு நேர் மேலே அடித்தால் மட்டும் ஒலி ஓங்கிக் கேட்பது இதன் குறை. விலை உயர்ந்த பேடுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட உணரிகளை வைத்து அதைச் சரிசெய்கிறார்கள்; மலிவானவற்றில் இன்றும் அது உண்டு. டிடி-10 ஒலியிலும் புதுவழி காட்டியது. டிரம்மின் ஆழம், தோலின் வகை, மைக் வைக்கும் இடம் ஆகியவற்றை வாசிப்பவரே மாற்றி ஒலியை அமைத்துக்கொள்ளலாம்.

யமாஹா 1996இல் டிடிஎக்ஸ் வரிசையைத் தொடங்கியிருந்தது. சத்தமில்லாத பியானோவை 1993இல் கொண்டுவந்த நிறுவனம் அது. நெருக்கமான ஜப்பானியக் குடியிருப்புகளில் இசை பழகுவோரின் சிரமம் அதற்கு நன்கு தெரியும். மெஷ்ஷுக்கு மாற்றாக 2010இல் நுண்குமிழ்கள் நிறைந்த சிலிகோன் பரப்பை அது கொண்டுவந்தது. மெஷ்ஷில் குச்சி இயல்பைவிட அதிகமாக எழும்புகிறது, அதில் பழகிய கை உண்மையான டாமில் தடுமாறுகிறது என்று குறைப்படும் டிரம்மர்கள் இதை விரும்புகிறார்கள். அந்தக் குறை நியாயமானதே. யமாஹாவே 2021இன் டிடிஎக்ஸ்10 செட்டை இரண்டு பரப்புகளிலும் விற்றது.

சிம்பலும் ஹை-ஹாட்டும் கடைசியாகத்தான் சரியாயின. ரப்பர் பூசிய, ஆடும் சிம்பல்கள் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தன. விளிம்பைக் கையால் பிடித்தால் ஒலி நிற்கும், நடுக்குமிழில் தட்டினால் மணி ஒலி வரும். ஹை-ஹாட் இன்னும் கடினம். அது திறந்தது, மூடியது என்ற இரண்டு நிலை மட்டும் கொண்டதல்ல. காலின் அழுத்தத்துக்கு ஏற்ப இடையில் எண்ணற்ற நிலைகள் உண்டு, தாளத்தின் உயிரே அங்கேதான். 2004இல் டிடி-20 மாட்யூலோடு ரோலண்ட் தந்த விஎச்-12, மேல்தட்டும் கீழ்த்தட்டுமாக உண்மையான ஹை-ஹாட் ஸ்டாண்டிலேயே மாட்டும்படி அமைந்தது. விலை குறைந்த செட்டுகளில் இன்றும் ஒற்றைப் பேடும் தனியாக ஒரு கால் பெடலும்தான் கிடைக்கும். அந்தப் பெடல் படிப்படியாக உணர்கிறதா, சுவிட்சுபோல் இரண்டே நிலையை உணர்கிறதா என்பது ஒரு செட்டின் தரத்தைச் சொல்லும் முதல் அடையாளம்.

வீட்டை மட்டுமே மனதில் வைத்து ரோலண்ட் 2007இல் செய்த எச்டி-1 சிறிய செட்டில் கிக் பெடலுக்கு, பேடில் மோதும் சுத்தியலான பீட்டரே இல்லை. காரணம் தெளிவானது. மெஷ் வந்தபின் கையடியின் சத்தம் அடங்கியது, காலடியின் சத்தம் அடங்கவில்லை. பீட்டர் பேடில் மோதும் அதிர்வு காற்று வழியே போவதில்லை. ஸ்டாண்டு வழியே தரைக்கு இறங்கி, கான்கிரீட் தளம் வழியே கீழ்வீட்டுக் கூரையில் 'தொம் தொம்' என்று கேட்கும். ஹெட்போனில் வாசிப்பவருக்கு அது தெரியவே தெரியாது. வாசிக்கும் அறையில் கம்பளம் விரிப்பதால் இது பெரிதாகக் குறையாது. செட்டைத் தரையிலிருந்து பிரித்து மிதக்க விட வேண்டும். இரண்டு ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே, குழிகளில் டென்னிஸ் பந்துகளைப் பதித்து, அந்த மேடைமேல் செட்டை வைப்பது பல நாடுகளில் வீட்டு டிரம்மர்கள் கையாளும் வழி. நிறுவனங்களும் பெடலுக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் வைக்கும் அதிர்வுத் தாங்கிகளை விற்கின்றன.

ஒலிப்பதிவின் பக்கம் பெரிய மாற்றம் மென்பொருளால் வந்தது. ஸ்வீடனின் டூன்ட்ராக், நல்ல ஸ்டுடியோவில் தேர்ந்த டிரம்மர்கள் வாசித்த ஒவ்வோர் அடியையும் பல பலங்களில் பல மைக்குகளில் பதிந்து, கணினியில் ஏற்றும் தொகுப்பாக விற்றது. அதன் 'டிரம்கிட் ஃப்ரம் ஹெல்' தொகுப்பைக் கொண்டே மெஷுகா குழு 2005இல் ஒரு முழு இசைத்தொகுப்புக்கும் டிரம்ஸ் அமைத்தது. 2006இல் ஈசிடிரம்மர் வந்தபின் சாதாரணக் கணினியிலும் இது எளிதாயிற்று. இதனால் மாட்யூலின் உள்ளே உள்ள ஒலி ஒலிப்பதிவுக்கு முக்கியம் இல்லாமல் போனது. பேடிலிருந்து யுஎஸ்பி வழியே மிடிச் செய்தி கணினிக்குப் போகிறது. ஒலி அங்கே பிறக்கிறது. வாசித்து முடித்தபின் ஸ்நேரை மாற்றலாம், தவறி விழுந்த ஓர் அடியை மட்டும் நகர்த்தலாம்.

இதில் கவனிக்க வேண்டியது தாமதம். ஒலி காற்றில் ஒரு மில்லிவினாடிக்கு ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் போகும். உண்மையான ஸ்நேரின் ஒலியே காதை எட்ட இரண்டு மில்லிவினாடி ஆகிறது. மாட்யூலின் கணிப்புக்குச் சில மில்லிவினாடி. கணினியின் இடைநினைவு 128 மாதிரிகள் என்றால் 44.1 கிலோஹெர்ட்ஸில் சுமார் 3 மில்லிவினாடி கூடும். 512 என்றால் சுமார் 12. பின்னதில் குச்சி பேடைத் தொட்டபின் ஒலி வருவது தேர்ந்த கைக்குத் தெரிந்துவிடும், வாசிப்பு இழுபடும். வாசிக்கும்போது மாட்யூலின் ஒலியையே ஹெட்போனில் கேட்டுக்கொண்டு, மிடியைப் பதிந்துவைத்து, கணினி ஒலியைப் பின்னால் சேர்ப்பது இதற்கு எளிய மாற்று.

2010களில் மெஷ் பரப்பு மலிவு விலைச் செட்டுகளுக்கும் இறங்கியது. அலெசிஸின் நைட்ரோ மெஷ் போன்றவை, முன்பு ரப்பர் மட்டுமே கிடைத்த விலையில் அதைத் தந்தன. மேல்தட்டில் 2016இன் டிடி-50, ஸ்நேரையும் ரைடையும் யுஎஸ்பி கம்பியால் இணைத்து, பழைய ஒற்றை பீசோ காட்டாத நுணுக்கங்களை உணர்ந்தது. 2020 முதல் ரோலண்டின் விஏடி வரிசை, மர உடலோடு மேடை டிரம்ஸ் போலவே தோற்றம் தந்தது. தோற்றத்துக்கான அந்தக் கூடுதல் விலை மேடைக்கு நியாயம். வீட்டுப் பயிற்சிக்கு அது செலவு மட்டுமே. அறையில் இடத்தையும் அடைக்கும்.

வாங்குகிறவர் விளம்பரத்தில் 'இத்தனை நூறு ஒலிகள்' என்ற எண்ணைப் பார்த்து முடிவு செய்யத் தேவையில்லை. ஒலி முதலிலேயே தீர்ந்த பிரச்சினை, இன்று கணினியில் வேண்டிய மட்டும் கிடைக்கும். கடையில் உட்கார்ந்து ஸ்நேரில் மெல்லடியிலிருந்து ஓங்கிய அடிவரை உருட்டிப் பாருங்கள். நடுவிலும் ஓரத்திலும் ஒலியின் அளவு சீராக இருக்கிறதா என்று கேளுங்கள். ஹை-ஹாட் பெடலை மெதுவாகத் தூக்கிக்கொண்டே தட்டுங்கள். யுஎஸ்பி மிடி உண்டா, பின்னால் இன்னொரு சிம்பல் சேர்க்க மாட்யூலில் இணைப்புத் துளை மிச்சம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாடி வீடானால் அதிர்வு மேடைக்கான பணத்தையும் செட்டின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள். கையில் பணம் குறைவென்றால் டாம்களின் எண்ணிக்கையில் விட்டுக்கொடுக்கலாம், ஒலிகளின் எண்ணிக்கையில் விட்டுக்கொடுக்கலாம். ஸ்நேர், ஹை-ஹாட், கிக் பெடல் இந்த மூன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது.